கண் திறக்காத குதிரைகள்

மானகிரி வீரையாவுக்கு உழவு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியும், பிடிக்காது. இருபது வயதில் கலப்பையை அண்ணன்மார் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறி ரங்கூன் போனான். அங்கே கண்டனூர்ச் செட்டியார் ஒருவரின் கடையில் சமையற்கட்டு வேலை. ஆறு வருஷம் வெங்காயம் உரித்தான். அந்த ஆறு வருஷத்தில் எதிர்வீட்டு வெள்ளைக்காரரின் டிரைவருக்குத் திருட்டுத்தனமாக மோர்க்குழம்பு ஊற்றி ஊற்றியே மோட்டார் ஓட்டவும் கற்றுக்கொண்டுவிட்டான்.

விஷயம் தெரிந்தபோது செட்டியார் கோபித்துக்கொள்ளவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் ஒரு கறுப்பு மோட்டாரை வாங்கிக் கப்பலில் ஏற்றி, அதோடு வீரையாவையும் ஏற்றிக் கண்டனூர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கூடவே மனைவிக்கு ஒரு கடிதம். வண்டியை ஆறு மாதம் வைத்துப் பார்க்கவும், பிடித்தால் இருக்கட்டும், பிடிக்கவில்லை என்றால் எழுதவும், தேவகோட்டையில் ஒருவர் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அதன் சாரம். அந்தத் தேவகோட்டைக்காரரிடம் ஏற்கெனவே ஒரு டிரைவர் இருந்தார். ஆகவே வண்டி போனால் வீரையாவின் காக்கிக் கோட்டும் தொப்பியும் போய்விடும். திரும்பவும் மானகிரி, அதே கலப்பை, அதே அண்ணன்மார். அதை நினைத்தாலே அவனுக்குக் கை கால் ஓடாது.

வண்டியின் தலைவிதி இப்படியாக விசாலாட்சி ஆச்சி கையில் இருந்தது. ஊரில் சாலா ஆச்சி என்றால்தான் தெரியும். நாற்பத்தைந்து வயது, கண்டிப்பான மனுஷி. மகன் ஜாதகத்தில் சனி சரியில்லை என்று ஜோசியர் சொன்னதால், பங்குனி தொடங்கி ஆடி வரை ஐந்து அமாவாசைக்கும் தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களைக் கும்பிட்டு முழுகுவதாக ஆச்சி வேண்டிக்கொண்டிருந்தார். கண்டனூரிலிருந்து ஐம்பத்தைந்து மைல். மாட்டு வண்டியில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். தேவகோட்டை தாண்டித் திருவாடானைப் பக்கம் போய்விட்டால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பொட்டல். உடைமரமும் கானலும் தவிர அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது.

பங்குனி அமாவாசைக்கு வீரையா தன் திறமை முழுவதையும் காட்டினான். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பியவன் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. பின்சீட்டில் ஆச்சியும், வீட்டில் சமையலுக்கு இருந்த சோலையம்மாளும். ஒன்பது மணிக்கு வண்டி தேவிபட்டினம் கடற்கரையில் போய் நின்றது. கதவைத் திறந்துவிட்டு, "நிக்காமக் கொண்டாந்து சேத்துட்டேன் ஆச்சி!" என்றான் பெருமையாக. ஆச்சி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று தாழங்காட்டுப் பக்கம் போய்விட்டார். பக்தி என்றால் இதுவல்லவா பக்தி என்று வீரையா நினைத்துக்கொண்டான். கடல் இருந்தது எதிர்த் திசையில்.

திரும்பி வரும்போதும் அதே வேகம். வீட்டு வாசலில் இறங்கிய ஆச்சி நின்று சொன்னார்:

"வீரையா, இந்த அஞ்சு அமாவாசை முடியட்டும். அப்புறம் இந்த வண்டி நமக்கு வேணாம். ரங்கூனுக்கு எழுதி வித்துரச் சொல்லீருவோம்."

"ஏன் ஆச்சி? நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு, ஓடுச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆச்சி உள்ளே போய்விட்டார்.

வீரையாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஓடாத வண்டியைத் திட்டினால் நியாயம். ஓடின வண்டியைத் திட்டுகிற அதிசயத்தை ரங்கூனில்கூட அவன் கண்டதில்லை. மனைவி ராக்காயியிடம் சொல்லிப் புலம்பினான். அவளும் அந்த வீட்டில்தான் நெல் குத்திக்கொண்டிருந்தாள். "பெரிய எடத்துப் பேச்சு, நமக்கு என்ன வெளங்கும்" என்று அவள் உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

பட்ட காலிலேயே பட்டது போல, சித்திரை அமாவாசைக்கு நாலு நாள் முன்பு ஆத்தங்குடி ரோட்டில் ஒரு கல் தெறித்து வண்டியின் முன்பக்கம் தண்ணீர் நிற்கிற ரேடியேட்டர் பெட்டியில் ஓட்டை விழுந்தது. ஏழு மைல் ஓடினால் தண்ணீர் ஒழுகி, என்ஜின் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வந்துவிடும். பெட்டியைக் கழற்றிப் பற்றவைக்க இரண்டு நாள் வேண்டும். கழற்றினால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் ஆச்சிக்குத் தெரியும். ஓடும்போதே வேண்டாம் என்றவர், நின்றுவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதிவிடுவார். வீரையா வாயைத் திறக்கவில்லை. மண்ணெண்ணெய்த் தகரம் நாலில் தண்ணீர் நிரப்பி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினான்.

ஏழாவது மைலில் என்ஜின் முனக ஆரம்பித்தது. அவன் அவசர அவசரமாகச் சுற்றிலும் பார்த்தான். ஒரு வன்னிமரம், அடியில் ஒரு கல், பின்னால் புதர். ஆச்சி மரத்துப் பக்கம் போனால் வண்டியின் மூஞ்சி கண்ணில் படாது. நிறுத்திவிட்டான்.

"ஏன் நிக்கிற?" என்றார் ஆச்சி.

வீரையாவின் நாக்கு அவனைக் கேட்காமலே பேசிற்று. "இந்த எடத்துல எறங்காமப் போகப்படாது ஆச்சி. ராமரு சேதுக்குப் போறப்ப அசந்து உக்காந்த கல்லு அதுதான்."

ஆச்சி கல்லைப் பார்த்தார். பிறகு கல்லை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த புதரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மரத்துக்கு அங்குட்டு? அதுவும் கோயில் எடமா?"

"அங்குட்டுத்தான் ஆச்சி லெச்சுமணரு உக்காந்தாரு! கால் வைக்கிற எடமெல்லாம் புண்ணிய பூமி!"

ஆச்சியின் முகம் விழுந்துபோயிற்று. இறங்கி, மணலில் நின்று, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டார். அதற்குள் ஒரு தகரத் தண்ணீரைத்தான் ஊற்ற முடிந்தது. "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று கேட்ட குரலில் அனல் அடித்தது. ஆச்சிக்கு இந்தச் சாமி பிடிக்கவில்லை என்று வீரையா முடிவு கட்டினான்.

அடுத்து வண்டி முனகிய இடத்தில் ஒரு பழைய சத்திரத்தின் இடிந்த சுவர் நின்றது. இராமேசுவரத்துக்கு நடந்து போகிறவர்கள் ஒரு காலத்தில் தங்கிய சத்திரமாக இருக்கலாம். இப்போது கூரை கிடையாது. மூன்று சுவர் ஆளுயரத்துக்கு நின்றன.

"இது என்ன சாமி?" என்று கேட்டார் ஆச்சி சந்தேகமாக.

வீரையா சட்டென்று கட்சி மாறினான். "சாமியா? இந்தச் சத்திரத்துல நல்ல மனுசன் ஒருத்தன்கூடத் தங்குனதில்ல ஆச்சி! ஏழு களவாணிப் பயலுக ஒளிஞ்சிருந்த எடம். ஒருநா அந்த ஏழு பேரும் என்ன செஞ்சாகன்னா..."

அவன் கதையை முடிக்கவில்லை. வந்து கதவைத் திறக்கவும் இல்லை. ஆச்சியே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "சோலை, செம்ப எடு. இத நல்லாச் சுத்திப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சுவருக்குப் பின்னால் போனார். சோலையம்மாளும் ஓட்டமும் நடையுமாகக் கூடப் போனாள்.

வீரையா இரண்டு தகரம் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகி, கை துடைத்து, தொப்பியைச் சரி செய்து நிற்கிற வரை இரண்டு பேரும் வரவில்லை. வந்தபோது ஆச்சி முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "ம். அந்த ஏழு பேரும் என்ன ஆனாக?" என்றார்.

மீதிக் கதை வீரையாவிடம் இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே உண்டாக்கினான். ஏழு பேரும் ஒரு வீட்டில் உரலைத் திருடினார்கள். இருட்டில் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவனும் மற்ற ஆறு பேர் தூக்குகிறார்களே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கையை எடுத்தான். உரல் தலைவன் காலில் விழுந்தது. அவன் போட்ட கூச்சலில் ஊரே எழுந்துவிட்டது. ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். சாலா ஆச்சி சிரித்து வீரையா பார்த்தது அதுதான் முதல் தரம்.

அடுத்த இடத்தில் அவன் இன்னும் தைரியமாக இருந்தான். மண்குதிரை செய்கிற குசவர்கள் சூளையில் வெடித்ததையும் கோணினதையும் ஊருக்கு வெளியே தோப்போரம் கொண்டுவந்து தள்ளியிருந்தார்கள். யானை உயரத்தில் முப்பது நாற்பது குதிரைகள். காலில்லாதது, காதில்லாதது, மூக்கு வீங்கினது. ஆச்சி தயங்கினார்.

"ஐயனார் குதிரையில்ல? சாமிக்கு முன்னாடி..."

"இல்ல ஆச்சி. கோயிலுக்குக் கொண்டுபோயிக் கண்ணு தெறந்தாத்தானே அது சாமி குதிரை? இதெல்லாம் கழிச்சுப்போட்டது. ஒண்ணுக்கும் கண்ணு தெறக்கல. அதுகளுக்கு எதிர்ல நடக்குறது எதுவுமே தெரியாது!"

"ஒண்ணுமே தெரியாதா?" என்று ஆச்சி இன்னொரு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "ரொம்ப நல்ல குதிரைக" என்று சொல்லிவிட்டுச் செம்போடு அவற்றின் நடுவே நுழைந்து மறைந்துபோனார்.

இப்படியாக அன்றைக்குப் போகும்போது ஏழு இடம், வரும்போது ஏழு இடம். காலியான தகரங்களை வழியில் கண்ட கிணறுகளில் நிரப்பிக்கொண்டான். பனை வடலிக்குள் எட்டடி உயரத்துக்கு நின்ற ஒரு சுமைதாங்கிக் கல்லைக் காட்டினான். எந்த மனிதனும் அதன் மேல் சுமையை இறக்கிவைக்க முடியாது. கொத்தனாருக்கு அளவு சொன்னவர் கீழக்கரையிலிருந்து ஒட்டகத்தில் வந்தாராம்; இறங்காமலே 'என் தோள் உயரத்துக்குக் கட்டு' என்று சொல்லிவிட்டாராம். ஓர் இடிந்த கிணற்றைக் காட்டி, மாமியாரும் மருமகளும் பன்னிரண்டு வருஷம் பேசாமல் தண்ணீர் இறைத்த கிணறு என்றான். சாமி பெயரை மட்டும் மறந்தும் எடுக்கவில்லை. அவ்வளவு விரதம் இருக்கிற ஆச்சிக்குக் களவாணிகளும் சண்டைக்காரிகளும்தான் பிடிக்கிறது என்பது அவனுக்குப் பெரிய ஆச்சரியம். பெரிய இடத்துப் பெண்களின் மனசு யாருக்குத் தெரியும்!

வைகாசிக்கு இன்னொரு ஆச்சியும் சேர்ந்துகொண்டார். பக்கத்துத் தெரு நாகவல்லி ஆச்சி. மோட்டாரில் ஏறினாலே மயக்கம் வருகிறது, ஏறவே மாட்டேன் என்று சாதித்தவர். "இந்த வண்டி அப்படி இல்லக்கா. எறங்கி எறங்கிப் பாத்துட்டுப் போகலாம்" என்று சாலா ஆச்சி அவர் காதில் என்னமோ சொன்னார். நாகவல்லி ஆச்சி சொந்தமாக ஒரு செம்பு கொண்டுவந்தார். குதிரைகளிடம் இருவரும் கால் மணி நேரம் இருந்தார்கள்.

காரைக்குடி காபி கிளப்பில் மற்ற வீட்டு டிரைவர்கள் தங்கள் வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேசினால் வீரையா ஓர் ஓரமாகச் சிரிப்பான். "வேகம் கெடக்கட்டும்ப்பா. எங்க ஆச்சிகளுக்குச் சரித்திரத்துல ஆசை. ஒரு குட்டிச்சுவர் விட மாட்டாக. சுத்திச் சுத்திப் பாப்பாக" என்பான். கேட்டவர்களுக்குப் பொறாமையாக இருந்தது. தங்கள் வீட்டு ஆச்சிகள் சள்ளுபுள்ளென்று எரிந்து விழுகிறார்களே தவிர, சரித்திரம் எதுவும் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டார்கள்.

ஆனி அமாவாசை முடிந்து வீடு வந்ததும் ஆச்சி சொன்னார், "மோட்டாரு பரவாயில்ல வீரையா. மாட்டு வண்டி மாதிரியே இருக்கு."

விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. வீரையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அந்த 'மாட்டு வண்டி' மட்டும் உள்ளே உறுத்தியது. ஓட்டை வண்டியையே இவ்வளவு பிடிக்கிறது என்றால், ஓட்டையை அடைத்து ஓட்டினால் எவ்வளவு பிடிக்கும்! இவ்வளவு நல்ல மனுஷியை ஓர் ஒழுகல் பெட்டிக்காகப் பதினாலு இடத்தில் வெயிலில் இறக்கி ஏற்றினோமே என்று மனசாட்சியும் குத்தியது. ஆச்சி பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கியபோது, பெட்டியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பற்றவைக்கிற உடையப்பன் அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு அண்டா?" என்று கேட்டுவிட்டு அடைத்துக் கொடுத்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆடி அமாவாசை. கடைசி முழுக்கு. சோலையம்மாளுக்குக் காய்ச்சல் என்று அவளுக்குப் பதிலாக ராக்காயி வந்தாள். தன் பெண்டாட்டி முதல் தடவையாகத் தன் மோட்டாரில் ஏறுகிறாள் என்றதும் வீரையாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போதே தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டான்.

வன்னிமரம் போயிற்று. சத்திரத்துச் சுவர் போயிற்று.

"வீரையா, சத்தரம்..." என்றார் ஆச்சி.

"பாத்ததுதானே ஆச்சி! இன்னைக்கு எங்கயும் நிக்கத் தேவையே இல்ல. வண்டி பறக்குது!"

குதிரைகள் வந்தன. ராக்காயி பின்னாலிருந்து அவன் முதுகில் தட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினான். சுமைதாங்கி வந்தது, மறுபடி தட்டினாள், பலமாக. "பயப்படாத புள்ள, நான் இருக்கேன்ல!" என்று கத்தினான். கிணறு வந்ததும் தட்டவில்லை, குத்தினாள். காற்றில் தொப்பி பறந்துவிடும்போல இருந்ததால் அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மூன்றரை மணி நேரத்தில் தேவிபட்டினம். அந்த ரோட்டில் அதற்கு முன்பு யாரும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று வீரையா சத்தியம் செய்வான்.

ஆடி அமாவாசைக் கூட்டம் கடற்கரையை அடைத்துக்கொண்டு நின்றது. தாழங்காடெல்லாம் ஆள். ஆச்சியும் ராக்காயியும் இறங்கி எங்கோ வெகுதூரம் நடந்து போனார்கள். அரை மணி நேரம் கழித்து வந்த ஆச்சியின் முகம் சிவந்திருந்தது.

"வீரையா, ஊருக்குப் போனதும் மொத வேலை, ரங்கூனுக்குக் காயிதம். இந்த வண்டிய வித்தாகணும்."

அவர் முழுகப் போய்விட்டார். வீரையா மணலில் உட்கார்ந்துவிட்டான். கலப்பை கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்னால் அண்ணன்மாரும் வந்தார்கள். "நான் என்ன தப்புப் பண்ணேன் ராக்காயி? ஒரு எடத்துல நின்னேனா?" என்று அழாத குறையாகக் கேட்டான்.

ராக்காயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்களுக்குக் கூறு இருக்கா? பொம்பளைக வெள்ளன மோரும் காபியும் குடிச்சிட்டு ஏறுறாக. மணிக்கணக்கா அந்தக் குலுக்கு குலுக்குறீக. ஒதுங்க வேணாமா?"

"என்னது?"

"மாட்டு வண்டின்னா மாடு தண்ணி குடிக்க நிக்கும். வண்டிக்காரரு மாட்ட ஓட்டிக்கிட்டு அவரு பாட்டுக்குப் போயிருவாரு. இவுக எறங்கி மறைவாப் போயிட்டு வருவாக. யாரும் யாருகிட்டயும் வாயத் தெறக்க வேணாம். ஒங்க மோட்டாருக்குத்தான் தாகமே இல்லையே!"

வீரையாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கிற்று. களவாணிச் சத்திரம். பனை வடலி. செம்பு. எதிரில் நடப்பது எதுவுமே தெரியாத குதிரைகள். வன்னிமரத்தடியில் ராமரையும் லட்சுமணரையும் குறுக்கே உட்காரவைத்து, பாவம், ஒரு மனுஷியை அப்படியே திருப்பி அனுப்பினானே, அதுவும் ஞாபகம் வந்தது. காதெல்லாம் சுட்டது.

"ஆச்சி என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"யாரு, ஆச்சியா? 'வீரையா, வண்டிய நிப்பாட்டு, நான் ஒதுங்கணும்'னு ஒங்ககிட்டயா? உசிரு போனாலும் சொல்ல மாட்டாக."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தரம் முதுகுல போட்டேன். 'பயப்படாத புள்ள'ன்னு சொல்றீக!"

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். இத்தனை மாதமாக அந்த அம்மாள் தன்னிடம் கேட்க முடியாத ஒன்றைத் தான் ஏதோ சரித்திரம் என்று நினைத்துக் காபி கிளப்பில் பெருமையடித்திருக்கிறான். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கென்று சொல்லிக் கேட்பது? அதைச் சொல்ல முடியாது என்பதுதானே சங்கதியே.

"நான் இருமுறேன். நான் இருமுனா நிப்பாட்டுங்க. வேற ஒண்ணும் நீங்க பேசவேணாம்" என்றாள் ராக்காயி.

திரும்பும் வழியில், முதல் இடமான அந்தக் கிணற்றுக்கு இன்னும் அஞ்சு மைல் இருந்தது. அதுவரை சமாளித்துவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். மூன்று மைல் போவதற்குள் பின்னால் ஓர் இருமல். லேசான இருமல் அல்ல. வீரையா வண்டியை நிறுத்தினான்.

நிறுத்திய பிறகுதான் பார்த்தான்: அங்கே ஒன்றுமே இல்லை. கல் இல்லை, சுவர் இல்லை, மரம்கூட ஒழுங்காக இல்லை. ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்த தரை. இன்னொரு பக்கம் தண்ணீர் வற்றிய ஓர் ஓடை. கரைக்குக் கீழே உடைமரப் புதர். வீரையா இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும். வன்னிமரத்துக்கும் குட்டிச்சுவருக்கும் ஓடி வந்த நாக்கு இப்போது அசையமாட்டேன் என்றது.

"ஆச்சி, இது வந்து... இந்த எடம்..." என்று தரையைப் பார்த்துக்கொண்டு திணறினான்.

ஆச்சி அவனைப் பார்த்தார். ராக்காயியைப் பார்த்தார். ராக்காயி வானத்தைப் பார்த்தாள். ஆச்சிக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் கோபிக்கப் போகிறார் என்றே வீரையா பயந்தான். ஆனால் ஆச்சி செம்பை எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கினார்.

"இந்த எடம் ஒனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்" என்றார். "முன்னொரு காலத்துல ஒரு ராசாத்தி இருந்தா. அவளுக்கு ஒரு தேரோட்டி. கொடுத்து வச்ச கூறுகெட்டவன். ராசாத்திய ஏத்திக்கிட்டு ராச்சியம் பூரா ஒரு எடத்துலயும் நிக்காம ஓட்டுனான். இந்த எடத்துக்கு வந்தப்பத்தான் ராசாத்திக்குப் பொறுக்கல. அவன் தலைய வாங்குங்கடான்னு சொல்லிட்டா."

வீரையா தொப்பியைப் பிடித்துக்கொண்டான். "வாங்கீட்டாகளா ஆச்சி?"

"வாங்கியிருப்பாக" என்றார் ஆச்சி, ஓடைக்கரையில் இறங்கிக்கொண்டே. "அவன் பொண்டாட்டி கெட்டிக்காரி. அதனால பொழச்சான்."

ராக்காயி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு ஆச்சிக்குப் பின்னால் ஓடினாள். கரைக்குக் கீழேயிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. வீரையா அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்த தகரத்துத் தண்ணீரை, நிரம்பி நின்ற பெட்டியில் ஊற்றினான். அது வழிந்து அவன் காலில் கொட்டியது. அவர்கள் வருகிற வரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அன்றைக்கு வீடு வந்து சேர ஏழு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகும் வீரையா அந்த வண்டியைப் பதினோரு வருஷம் ஓட்டினான். ஒழுகாத பெட்டியை வைத்துக்கொண்டு செட்டிநாட்டிலேயே மெதுவாகப் போகிற டிரைவர் என்று பெயர் எடுத்தான். எத்தனையோ வீட்டு ஆச்சிகள் தங்கள் மோட்டாரை விட்டுவிட்டு சாலா ஆச்சியின் மோட்டாரில் இடம் கேட்டு வந்தார்கள். காபி கிளப்பில் மற்ற டிரைவர்கள் காரணம் கேட்டால், சரித்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியைக் குடிப்பான்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, சொன்னபடி, ஆச்சி ரங்கூனுக்குக் கடிதம் எழுதினார். சிவமயம் போட்டு, அனைவரும் க்ஷேமம் என்று எழுதி, மகன் ஜாதகத்துக்கான முழுக்கு ஐந்தும் நல்லபடியாக முடிந்ததை எழுதி, கடைசியில் வண்டி விஷயத்துக்கு வந்தார். 'வண்டி அடிக்கடி நிற்கிறது. ஆகையால் விற்க வேண்டாம்.'

செட்டியார் அதை மூன்று தரம் படித்தார். பிறகு கடையில் இருந்த எல்லாரிடமும் காட்டிப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.